விற்பதை விட்டு வாடகைக்கு மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது

மேடவாக்கம் ஆர்.ஓ.காரர்:

பதினோரு வருடமாகத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் தொழில் செய்கிறேன். முதல் ஐந்து வருடம் விற்பனை மட்டும்தான். 2019இல் மாத வாடகைக்கு மாறினேன். காரணம் ஒரு வீடு.

பெரும்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடி. போர் தண்ணீர், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1,400க்கு மேல். குடிநீரில் 500க்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. அங்கே இருந்தது நான் விற்ற மெஷின். இரண்டு வருடம் கழித்து, தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று கூப்பிட்டார்கள். அழுக்கை முதலில் பிடிக்க மெஷினுக்கு வெளியே மாட்டியிருந்த ஸ்பன் ஃபில்டரைக் கழற்றினேன். வெள்ளையாக இருக்க வேண்டியது, ஊறிய தேங்காய் நார் நிறத்துக்கு மாறி, தொட்டால் கொழகொழவென்று வழுக்கியது. மெஷின் குழாயில் வந்த தண்ணீரை டம்ளரில் பிடித்து டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன். 870. அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு சொன்னேனேம்மா?" என்றேன். "நீங்க வந்தாலே எதையாவது மாத்தணும்னு சொல்வீங்க சார், அந்தப் பயத்துலதான் கூப்பிடல" என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மெஷினை விற்ற பிறகு எனக்கு வருமானம் என்றால் அது ரிப்பேரில்தான். அது கெட்டால் எனக்குக் காசு. அப்படிப்பட்டவன் "ஃபில்டர் மாத்துங்க" என்றால் யார் நம்புவார்கள்? நூற்றுச் சொச்ச ரூபாய் ஃபில்டரை மாற்றாமல் விட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் போகும் மெம்பரேனை (உப்பைப் பிரிக்கும் சவ்வை) கெடுத்துக்கொண்ட வீடுகள் நிறைய.

வாடகையில் இது அப்படியே தலைகீழ். மாதம் 500 ரூபாய், முன்பணம் 1,500. மெஷின் என்னுடையது, ஃபில்டர் என்னுடையது, மெம்பரேன் போனால் நஷ்டமும் என்னுடையது. அதனால் யாரும் கூப்பிடாமலே நான் போய் நிற்கிறேன். உப்பு அதிகமான வீடுகளில் என் செலவிலேயே இன்னொரு முன்ஃபில்டர் சேர்த்து மாட்டினேன். விற்ற காலத்தில் அந்த யோசனையே எனக்கு வந்ததில்லை. இப்போது மெம்பரேன் எத்தனை மாதம் ஓடியது என்று வீட்டு வாரியாக நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தெருத் தண்ணீர் எதைத் தின்கிறது என்பது ஐந்து வருடம் விற்றபோது தெரியாது. வாடகைக்கு விட்ட ஒரே வருடத்தில் தெரிந்துவிட்டது.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆரம்பம் கஷ்டம். மெஷின் ஒன்றுக்கு 8,000 ரூபாய் போல முதலில் நான் போட வேண்டும். அது திரும்பி வரவே ஒன்றரை வருடம் ஆகிறது. பன்னிரண்டு மெஷினோடு தொடங்கினேன், நகை அடகுக்குப் போனது. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விற்பனை சுத்தமாக நின்றது. ஆபீஸ்களில் இருந்த மெஷின்களுக்கும் வாடகை நின்றது. வீட்டு வாடகை மட்டும் ஐந்தாம் தேதிக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு அரிசி பருப்பு அதில்தான். இப்போது 140 வீடு இருக்கிறது.

நீங்கள் எந்தத் தொழிலில் இப்படி மாறினீர்கள்? எழுதுங்கள்.

மதுரை ஜெராக்ஸ்:

அண்ணே, எங்கள் தொழிலே இப்படிப் பிறந்ததுதான். 1959இல் ஜெராக்ஸ் கம்பெனி 914 என்ற மெஷினைக் கொண்டுவந்தபோது, விலைக்கு வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது என்று மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டார்கள். அதில் 2,000 காப்பி வரை சேர்த்தி, அதற்கு மேல் எடுத்தால் காப்பிக்கு இவ்வளவு என்று கணக்கு. மெஷின் நின்றால் காப்பியும் இல்லை, காசும் இல்லை. அதனால் பழுதைப் பார்க்க ஆள் ஓடி வந்தே ஆக வேண்டும்.

நானும் அதையேதான் செய்கிறேன். பள்ளிகளுக்கும் வக்கீல் ஆபீஸ்களுக்கும் மெஷினை வைத்துவிட்டு, மாதக் கடைசியில் மீட்டர் ரீடிங் எடுத்துப் பில் போடுவேன். டோனர், டிரம் என் பொறுப்பு, பேப்பர் அவர்களுடையது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பள்ளியில் சின்ன மெஷின் வைத்திருந்தேன். பரீட்சை நேரத்தில் கேள்வித்தாள் அடித்து அடித்து அது திணறியது. விற்றிருந்தால் "அப்பவே பெரிசா வாங்கியிருக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். வாடகை என்பதால் அன்று சாயங்காலமே பெரிய மெஷினைக் கொண்டுபோய் வைத்து, லீவு விட்டதும் சின்னதைத் திருப்பி வைத்தேன். தேவை கூடும்போதும் குறையும்போதும் மெஷினும் கூடவே போகிறது.

நெல்லை சாஃப்ட்வேர்:

மருந்துக் கடைகளுக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறோம், மொத்தம் மூன்று பேர். முதலில் ஒரே விலை, ஒரு தடவை கட்டினால் போதும் என்று விற்றோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. வாட் என்ற பழைய விற்பனை வரி போட்டுக்கொண்டிருந்த பில் முழுக்க மாற வேண்டும். எல்லாக் கடையிலிருந்தும் போன். "காசு குடுத்துதானே வாங்கினோம், மாத்திக் குடுங்க." அவர்கள் கேட்டது நியாயம். எங்களிடம் பணம் இல்லை என்பதும் நிஜம். பழைய கடைகளுக்கு இரண்டு மாதம் சும்மா உழைத்தோம், அந்த நேரத்தில் புதுக் கடை ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கூட இருந்த ஒருவர் வேலையை விட்டே போனார்.

அதன் பிறகு ஆண்டுச் சந்தா. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், சிலர் விலகினார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததே, அன்று காலை கடை திறந்தபோது எங்கள் வாடிக்கையாளர்களிடம் புது விகிதம் ஏறியிருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். ஆனால் அந்த ராத்திரிக்கான சம்பளம் முன்பே வந்திருந்தது. ஒரு கடைக்காரர்கூட எங்களைத் திட்டிப் போன் பண்ணவில்லை.

அம்பத்தூர் அக்கா:

சந்தா என்றதும் ஏதோ புதுசு மாதிரி பேசுகிறோம். ஆவின் கார்டு எத்தனை வருடமாக இருக்கிறது! மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் பால் விலை குறைவு. விடிகாலையில் எத்தனை பாக்கெட் போகும் என்று அவர்களுக்கும் முன்பே தெரியும். எங்கள் அம்மா சில்லறை தேடாமல் பால் வாங்கியது அந்தக் கார்டால்தான்.

வேளச்சேரி வாடகைவாசி:

ஆர்.ஓ. அண்ணா, ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் 500 கட்டினால் 18,000. மெஷின் விலை அதில் பாதிதானே? எனக்கு வேறோர் இடத்தில் கசப்பான அனுபவம் உண்டு. ஒரு சந்தாவை நிறுத்தச் சொல்லி நான்கு தடவை போன் செய்தும் பணம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மேடவாக்கம் ஆர்.ஓ.காரர்:

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. சொந்த வீடு, ஓரளவு நல்ல தண்ணீர், ஃபில்டரைத் தேதி பார்த்து மாற்றும் பழக்கம், இந்த மூன்றும் இருந்தால் விலைக்கு வாங்குங்கள் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். உங்களை மாதிரி பதினொரு மாத அக்ரிமென்டில் வீடு மாறுகிறவர்களுக்கு மெஷினைக் கழற்றி மாட்டும் செலவே அதிகம். அதோடு ஃபில்டர், மெம்பரேன், வருகைக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் உப்புத் தண்ணீர்ப் பகுதியில் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது.

நிறுத்துவது பற்றிச் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். என்னிடம் ஒரு வாட்ஸப் செய்தி போதும். மூன்று நாளில் மெஷினைக் கழற்றி, சுவரில் போட்ட துளையை அடைத்து, முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருவேன். அந்த மெஷினுக்குப் புது ஃபில்டர் போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், எனக்கு நஷ்டம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்துதான் 140 வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு மாதமும் நான் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்.

பெரும்பாக்கத்து அம்மா இப்போது வாடகையில்தான் இருக்கிறார். போன வாரம் போயிருந்தேன், மீட்டர் 74 காட்டியது. அந்தக் குழந்தை ஸ்கூலுக்குப் போகிறான், மீட்டரை வாங்கித் தானே டம்ளரில் வைத்துப் பார்த்தான்.