திலேப்பியா தீவனத்தில் மீன் தூளுக்குப் பதில் கோழித் தூள்: எவ்வளவு வரை போகலாம்?

கேள்வி: கிஃப்ட் திலேப்பியாவுக்கு (வேகமாக வளர மரபு வழியில் மேம்படுத்திய வளர்ப்பு ரகம்) சொந்தமாகத் தீவனம் அரைக்கிறோம். 100 கிலோ தீவனத்தில் மீன் தூள் 15 கிலோ. மீன் தூள், கோழித் தூள் (கோழி இறைச்சிக் கழிவை வேகவைத்து அரைத்த தூள்) இரண்டிலும் புரதம் 60%. பாதியைக் கோழித் தூளாக மாற்றினால் வளர்ச்சி குறையுமா?

பதில் 1: பாதி தாராளமாக மாற்றலாம் சார். புரதம் சமமாக இருந்தாலும் அதன் கூறுகளான அமினோ அமிலங்கள் சமமாகாது, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 7.5 கிலோ மாற்றினால், கோழித் தூளில் குறையும் அமினோ அமிலங்களை ஈடுகட்ட டிஎல் மெத்தியோனின் சுமார் 50 கிராம், லைசின் ஹைட்ரோகுளோரைடு 110 கிராம் சேருங்கள். இரண்டையும் நேராகக் கொட்டாமல், முதலில் 2 கிலோ தவிட்டில் கலந்து பிறகு மொத்தத்தில் கலக்க வேண்டும்.

பதில் 2: மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இறகுத் துணுக்கு தெரிந்தால் வேண்டாம். சரியாக வேகாத இறகிலும் ஆய்வகத்தில் புரத அளவு உயர்வாகவே வரும், ஆனால் மீனுக்குச் செரிக்காது. அதனால் பெப்சின் செரிமானச் சோதனையும் (புரதம் எவ்வளவு செரிக்கும் என்று பெப்சின் நொதியை வைத்துப் பார்ப்பது) கேளுங்கள். ஆய்வக அறிக்கையில் சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாது) 20%ஐத் தாண்டினால் எலும்பு அதிகம். காறல் வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ரத்தத் தூள் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா?

பதில் 1: 100 கிலோ தீவனத்துக்கு 3 கிலோவுக்குள் நிறுத்துங்கள். அதில் லைசின் நிறைய உண்டு, ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் மிகக் குறைவு. கொடுவா மீனுக்கு இந்த மாற்றுக் கணக்கு பொருந்தாது. அதற்கு ஒமேகா 3 தேவை, மீன் எண்ணெய் தனியாகச் சேர்த்தே ஆகவேண்டும்.