மறு: கேபிடல் லெட்டர் – பேரெழுத்தா, தலைப்பெழுத்தா?

வணக்கம்.

ஆங்கிலத்தின் கேபிடல் லெட்டருக்கு (A, B போன்ற வடிவங்களுக்கு) தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்தவை பெரிய எழுத்து, தலைப்பெழுத்து, மேல்தட்டு எழுத்து. கடைசியை முதலில் தள்ளிவிடலாம். அச்சுக்கோர்ப்பவர்கள் கேபிடல் எழுத்துகளை மேல் பெட்டியிலும் மற்றவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்திருந்ததால் வந்த பெயர்கள்தான் அப்பர் கேஸ், லோயர் கேஸ். பெட்டியே போய்விட்ட பிறகு அதை மொழிபெயர்த்து என்ன செய்யப் போகிறோம்? தவிர, மேல்தட்டு, கீழ்த்தட்டு என்றால் தமிழில் வேறு வாடை அடிக்கிறது.

பெரிய எழுத்து பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லாக நிற்காது. ஒரு செயலியில் ‘பெரிய எழுத்தில் காட்டு’ என்று இருந்தால் அளவு கூடுமா, கேபிடலாக மாறுமா? பிள்ளைகள் வேறு ‘பெரிய ற, சின்ன ர’ என்று சொல்லி வளர்ந்தவர்கள். அவை இரண்டும் தனித்தனி எழுத்துகள். ஆங்கிலத்திலோ ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம். தலைப்பெழுத்து ஏற்கெனவே இனிஷியலுக்குப் போய்விட்டது.

என் வாக்கு பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற இணைக்குத்தான். புணர்ச்சி இயல்பாக இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. இன்னொரு வசதி, பேச்சுத் தமிழில் பேர் என்றால் பெயர். ‘ஆளின் பேர், ஊரின் பேர் வந்தால் பேரெழுத்து’ என்று சொன்னால் வகுப்பில் சட்டென ஒட்டிக்கொள்ளும். பெயர்ச்சொல் எல்லாவற்றையும் பேரெழுத்தில் தொடங்கும் ஜெர்மனுக்கும் இது பொருந்துகிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தும், ‘நான்’ என்று பொருள்படும் ‘ஐ’யும் இந்தக் குறிப்புக்குள் அடங்கா. அவற்றைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ஆங்கிலத்தில் பேரெழுத்தில் தொடங்கும் ‘ப்ராப்பர் நவுன்’, அதாவது குறிப்பிட்ட ஓர் ஆளையோ ஊரையோ சுட்டும் பெயர், பற்றியது. பலரும் அதைச் சிறப்புப்பெயர் என்று எழுதுகிறார்கள். நம் இலக்கணத்தில் சிறப்புப்பெயர் என்பது அது அல்ல. மரம் பொதுப்பெயர், பனை சிறப்புப்பெயர். பறவை பொது, மரங்கொத்தி சிறப்பு. தமிழ் வகுப்பில் இதை ஒழுங்காகப் படித்த மாணவரிடம் ‘சிறப்புப்பெயர் பேரெழுத்தில் தொடங்கும்’ என்றால், அவர் மாங்கோவையும் உட்பெக்கரையும் பேரெழுத்தில் எழுதிவைப்பார். தமிழ் இலக்கணப்படி அவர் செய்தது சரி! தப்பு நம் கலைச்சொல்லில் இருக்கிறது. ஒரே ஒரு ஆளை, ஊரை, ஆற்றைச் சுட்டும் பெயருக்குத் தனிப்பெயர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தனிப்பெயர் என்று வைத்தால் ‘மதர்’ என்ற சொல்லை எப்போது பேரெழுத்தில் தொடங்குவது என்ற சிக்கலும் கொஞ்சம் இளகும். ‘என் அம்மா’ என்னும்போது உறவைச் சொல்கிறோம், சிற்றெழுத்து போதும். ‘மதர், இங்கே வாங்க’ என்று அழைக்கும்போது பெயருக்குப் பதிலாக நிற்கிறது, பேரெழுத்து வேண்டும். டாக்டர், அங்கிள் போன்றவை ஒருவரின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தாலும் இதே கதைதான். கிழமைக்கும் மாதத்துக்கும் பேரெழுத்து, பருவங்களான சம்மர், வின்டருக்கு இல்லை என்பதை மட்டும் எந்தச் சொல்லாலும் விளக்க முடியாது. அது வழக்கம், மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

அப்புறம், கேபிடலைசேஷனுக்குப் பேரெழுத்தாக்கம் என்று ஒருவர் தந்திருந்தார். எழுத்துகளை மாற்றும் மென்பொருள் கட்டளைக்கு அது பொருந்தும். பாடநூலில் ‘பேரெழுத்து விதிகள்’ என்றாலே போதும், ஆக்கம் எதற்கு? டைட்டில் கேஸுக்கு (முக்கியச் சொற்கள் எல்லாம் பேரெழுத்தில் தொடங்குவது) தலைப்பு நடை, சென்டன்ஸ் கேஸுக்கு (சாதாரண வாக்கியம் போல முதல் சொல்லைப் பேரெழுத்தில் தொடங்குவது) வாக்கிய நடை என்று முன்வைக்கிறேன். இரண்டு வடிவங்களையும் வேறுபடுத்திப் பார்க்கும் கேஸ் சென்சிட்டிவ் என்பதற்குத்தான் இன்னும் ஒரு நல்ல சொல் சிக்கவில்லை. கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே ‘பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும்’ என்று முழுதாக எழுதிப் பார்த்தேன். புரிகிறது, ஆனால் நீளம். யாருக்காவது குறுகலாகத் தோன்றினால் எழுதுங்கள்.