பட்டம் வாங்கிய பிறகு எந்தப் பக்கம் போவது: சேலத்துக்காரர்கள் சொன்ன அனுபவங்கள்

பனங்காட்டுப் பட்டறைக்காரர் மகன்:

மின்னணுவியலில் பொறியியல் முடித்தபோது எனக்கு மூன்று வழிகள் இருந்தன. சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்று வளாக நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சேரும் தேதியைச் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. இரும்பாலையில் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் விண்ணப்பித்திருந்தேன். மூன்றாவது வழி அப்பாவின் கொலுசுப் பட்டறை. அங்கே என்ன நடக்கும் என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சரக்குக் கொடுக்க அப்பாவுடன் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பவரும், அதைக் கொலுசாகத் திரும்ப வாங்கிக்கொண்டு கூலி தருபவரும் அந்த ஒரே வியாபாரிதான். அவர் கொலுசுக் கட்டைத் தராசில் வைத்தார், நோட்டில் குறித்தார், சேதாரம் சில கிராம் கூடுதலாகப் போயிருக்கிறது என்று சொல்லி அப்பாவின் கூலியில் அதைப் பிடித்துக்கொண்டார். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வியாபாரியின் பார்வை என் பக்கம் திரும்பியது. "தம்பி இன்ஜினியரிங் முடிச்சிட்டாப்லயா? உட்காருங்க தம்பி" என்று சொல்லி, பக்கத்து நாற்காலியில் கிடந்த பில் புத்தகங்களைத் தானே எடுத்து மேசைமேல் வைத்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்துவருகிறார். அவர் அங்கே உட்கார்ந்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் தயங்கியதைக் கண்டு, உட்கார் என்று அப்பாவே கண்ணால் காட்டினார்.

நான் உட்கார்ந்தேன். இணையத்தில் கொலுசு விற்கவும் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று சொல்லி, வியாபாரி ஒரு சம்பளத்தையும் சொன்னார். அந்தத் தொகை, வேலை மந்தமான மாதத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பற்றவைத்துச் சம்பாதிப்பதைவிட அதிகம். பேச்சு முடியும்வரை அப்பா பற்றவைக்கும் பொடியின் கறை படிந்த விரல்களைத் துண்டில் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பிறகு சென்னைக்காரர்கள் தேதி கொடுத்தார்கள், நான் போய்விட்டேன். ஆனால் சம்பளத்தையோ ஊரையோ எடைபோட்டு அந்த முடிவை எடுத்ததாக நான் நினைக்கவில்லை. அந்த நாற்காலிதான் என்னை அனுப்பிவைத்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சந்திப்பு குறுக்கே வந்து முடிவை மாற்றியதுண்டா?

ஓமலூர் ஆசிரியை:

எனக்கு அது கலந்தாய்வு அறையில் நடந்தது. கணிதத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். அதோடு, என் சித்தப்பா பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இடம் பார்த்து வைத்திருந்தார். குரூப் 4 பற்றித் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். மொத்தம் 200 கேள்விகள், அவற்றில் 100 தமிழ், அந்தத் தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வை என்னைச் சுற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள்.

சென்னையில் பிராட்வே அருகிலுள்ள தேர்வாணைய அலுவலகத்துக்குக் கலந்தாய்வுக்கு அழைத்தார்கள். தரவரிசைப்படி ஒவ்வொருவராகப் போய் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எடுக்க எடுக்கத் திரையில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். கிராம நிர்வாக அலுவலர் பணியில் சேலம் மாவட்டத்துக்கு நேராக "1" என்று இருந்தபோது எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். நாமக்கல்லா சேலமா என்று அவருக்குள் குழப்பம். இரண்டையும் மாறி மாறிச் சொன்னார், மேசையில் இருந்த அலுவலரிடமே "எது சார் நல்லது?" என்று கேட்டார், கடைசியில் மனைவியின் ஊர் என்ற காரணத்தைச் சொல்லிச் சேலத்தை எடுத்துக்கொண்டார். திரையில் "0" வந்தது. "சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார் அலுவலர்.

கைப்பேசி உள்ளே அனுமதி இல்லை, அம்மா வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். தொலைவில் ஒரு மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராகப் போவதா, அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்காருவதா, இரண்டையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கே திரும்புவதா என்று நான் ஆண்டுக்கணக்கில் யோசித்து வைத்திருந்த அத்தனையும், சேலம் கிடைக்கும் என்ற ஒரே எண்ணத்தின் மேல் நின்றிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இளநிலை உதவியாளர் என்று சொன்னேன். அந்த வேலையில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் "எது சார் நல்லது?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது.

ஐந்துரோட்டுக் கணக்கர்:

முதலில் எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வியாபாரி உங்கள் தந்தையை அவமதித்துவிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், எனக்கோ அவர் தனக்குத் தேவையான ஆளை உட்காரவைத்தார் என்றே தோன்றுகிறது. உங்கள் தந்தை அந்த இடத்தில் நிற்பதற்குக் காரணம் வெள்ளி அவருடையது அல்ல என்பதே. நீங்கள் அந்த வேலையை ஏற்று, ஜிஎஸ்டியும் இணைய விற்பனையும் கற்று, பிறகு வீட்டில் சொந்தமாகக் கொலுசு விற்கத் தொடங்கியிருந்தால் நாற்காலிப் பிரச்சினை தானாகத் தீர்ந்திருக்கும்.

என் கதை சிறியது. பி.காம். முடித்த கையோடு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வங்கித் தேர்வுப் பயிற்சி ஒரு பக்கம், மாமாவின் விசைத்தறிக் கூடம் இன்னொரு பக்கம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அடுத்த சில வாரங்களில் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் துண்டில் முடிந்து கொண்டுவந்த காகிதங்களை என் மேசையில் அவிழ்த்துக் கொட்டி, "இதுல எது பில்லு, எது சும்மா சீட்டு, நீங்களே பிரிச்சிருங்க சாமி" என்றார். அதில் பாதி, நூல்கடைக்காரர் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்த தொகைகள். மாமாவின் கூடத்திலும் இதே அட்டைகள்தான் இருந்தன. தறி ஓட்டுபவரைவிட இந்த அட்டைகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு இனி வேலை அதிகம் என்று அன்று முடிவு செய்தேன்.

இப்போது முடிவெடுக்க நிற்கும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள். வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடும் பிற பட்டங்களில் 60 விழுக்காடும் பெற்றவர்கள் பட்டயக் கணக்காளர் படிப்பில் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குப் பதிவு செய்யலாம், இதைத் தெரியாமலேயே பலர் அந்த வழியை விட்டுவிடுகிறார்கள். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் நேரடிப் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளும் உதவித்தொகை மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், வீட்டில் யார் சோறு போடுவார்கள் என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தேர்வு எழுதுபவர்கள் எத்தனை முறை எழுதுவது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு வைத்து அதை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், முதலில் அறிவித்த இடங்களோ 6,244. தனியார் வேலைக்குப் போகிறவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலத்துக்கு முன்னால் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படியுங்கள், அந்த வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். குடும்பத் தொழிலில் இறங்குகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே தங்களுக்கென்று ஒரு சம்பளத்தைக் கணக்கில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் பணம் எது, உங்கள் உழைப்பு எது என்று தங்கைக்குக் கல்யாணம் பேசும்போதுதான் சண்டை வரும்.

ஆத்தூர் ஆலைக்காரர்:

கணக்கர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளி யாருடையது என்பது மட்டும் பேச்சல்ல. நான் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, வங்கி வேலையை ஏற்பதா, மாமனாரின் ஜவ்வரிசி ஆலைக்கு வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கிழங்கு வரத்து நேரத்தில் ஒருநாள் ஆலை வாசலில் நின்றிருந்தேன். குச்சிக்கிழங்குக்கு, அதாவது ஜவ்வரிசி செய்யும் மரவள்ளிக்கு, விலை பாயிண்ட் கணக்கில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பாயிண்ட். லோடு கொண்டுவந்த பெரியவர், பாயிண்ட் பார்த்த தொழிலாளியை விட்டுவிட்டு, சட்டையை உள்ளே விட்டு நின்றிருந்த என்னிடம் வந்து, "சரியாப் போட்டிருக்காங்களா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பாயிண்ட் பார்க்கவே தெரியாது. தெரிந்தவர் என் பக்கத்திலேயே, நனைந்த கையோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் ஆலைக்கே வந்துவிட்டேன். இப்போது என் மூட்டைகள் சேகோசர்வ் கிடங்குக்குப் போகின்றன. 1981இல் தொடங்கிய அந்த ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ரகசிய டெண்டரில் என்ன விலை விழும் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் காத்திருக்கிறேன். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். பாயிண்ட் பார்ப்பவரை வாழ்த்தியவர் யாருமில்லை.

மலைமேல் இருப்பவன்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். தாவரவியல் பட்டம் முடித்ததும் மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்தது. எம்.எஸ்சி. சேரவும் இடம் இருந்தது. வீட்டில் முதல் வேலையைத்தான் விரும்பினார்கள், ஏனென்றால் அதில் இருசக்கர வாகனப்படி உண்டு. அந்த இடைவெளியில் ஒரு காப்பித் தோட்டத்தில் கள அலுவலர் வேலைக்கு நேர்காணல் என்று கூப்பிட்டார்கள்.

நேர்காணல் செடிகளுக்கு நடுவில் நடந்தது. முதலாளி என்னை அராபிகா வரிசைகளுக்குள் அழைத்துப் போய், தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சி விழுந்த செடிகளைக் காட்டச் சொன்னார். பட்டை இடுக்கில் முட்டை வைக்கும், புழு கட்டைக்குள் குடையும், நிழல் குறைந்த இடத்தில் தாக்குதல் அதிகம் என்று படித்த அத்தனையையும் ஒப்பித்தேன். "சரி, காட்டுங்க" என்றார். இலை மஞ்சளித்த ஒரு செடியைக் காட்டிவிட்டு முன்னே நடந்தேன். எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த இந்த மலையின் மலையாளிப் பழங்குடி அக்கா ஒருவர், நான் தாண்டி வந்த செடிகளில் மூன்றை நிறுத்தி நிறுத்திப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்ததை முதலில் நான் கவனிக்கவில்லை. மூன்றும் பச்சையாகத்தான் இருந்தன. முதலாளி ஒரு தண்டைப் பிளந்து காட்டினார். உள்ளே சுரங்கம் போலக் குடைந்து மரத்தூள் அடைத்திருந்தது, நுனியில் வெள்ளைப் புழு நெளிந்தது. எப்படித் தெரிந்தது என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அவர் பேசாமல் என் கட்டைவிரலைப் பிடித்து அடுத்த செடியின் தண்டில் மேலிருந்து கீழாக இழுத்தார். கண்ணுக்குத் தெரியாத மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. அந்தச் செடியையும் பிடுங்கினார். புதிதாக நட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் காய்க்கும் என்பதால் ஒவ்வொரு செடியும் முதலாளிக்கு நஷ்டம், பிடுங்கி எரிக்காவிட்டால் வரிசையே நஷ்டம்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதிலும் ஓர் உறுத்தல் உண்டு. தினமும் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அந்த அக்காவின் பெயருக்கு நேராக நான் கோடு போடுகிறேன். அவருக்கு நாள்கூலி, எனக்கு மாதச் சம்பளமும் குடியிருப்பும். நாற்காலியைப் பற்றி எழுதிய தம்பிக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். மேடு தட்டுப்படும் செடியை இப்போது நானே கண்டுபிடித்துவிடுகிறேன், என்றாலும் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறேன்.

ஓமலூர் ஆசிரியை:

கணக்கரின் அறிவுரையை நான் கேட்கவில்லை, இருந்தாலும் அசல் சான்றிதழ் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் வேலை பார்த்த பள்ளி என் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவற்றை வெளியே எடுப்பதற்குள் தேர்வுக்குப் படித்ததைவிட அதிகமாக அலைந்தேன். ஆனால் வரம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டே தேர்வு எழுதுபவருக்கும், வேலையை விட்டுவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கும் ஒரே வரம்பு எப்படிப் பொருந்தும்? நான் இப்போதும் குரூப் 2 எழுதிக்கொண்டிருக்கிறேன், துறைக்கு முறைப்படி தெரிவித்துவிட்டுத்தான்.

மலைமேல் இருப்பவரிடம் ஒன்று கேட்கலாமா? அந்த அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா, படிக்கிறார்களா?

மலைமேல் இருப்பவன்:

ஒரு மகள் உண்டு. கோரிமேட்டில் அரசு மகளிர் கல்லூரியில் வணிகவியல் இறுதியாண்டு. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுத முதலாளி கூப்பிடுகிறார், அவளுக்கு அரசுத் தேர்வில் ஆசை, அம்மாவுக்கோ எதுவானாலும் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். போன வாரம் என்னிடம் யோசனை கேட்டாள். நான் தாவரவியல் படித்தவன், என்ன சொல்வேன்? கலந்தாய்வில் என்ன நடக்கும் என்பதை நீங்களே அவளிடம் பேசிச் சொன்னால் நல்லது. அவளுக்கு 55 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது, ஆகவே ஐந்துரோட்டுக் கணக்கர் தம் நீண்ட அறிவுரையை இன்னொரு முறை, இந்தத் தடவை கேட்பவருக்கே, சொல்ல வேண்டியிருக்கும்.