ட்ரைசூட் 20 மீட்டருக்கு கீழ ஒடம்ப புழியுது, அவசரம்

லயத்துப்பையன், ஹட்டன்
வணக்கம், அவசரமா கேக்குறேன், வியாழக்கெழம ஃப்ளைட். ட்ரைசூட் (தண்ணி உள்ள வராத டைவிங் சூட்) போட்டு கடல்ல எறங்குனா 20 மீட்டர் தாண்டுனதும் சூட் ஒடம்ப அப்பிடியே புழியுது, கைய தூக்க முடியல, மூச்சு இழுக்கவே கஷ்டமா இருக்கு, மேல வந்து கழட்டிப் பாத்தா தோள்லயும் கக்கத்துலயும் செவப்பா கோடு கோடா, கொழுந்தெடுத்துட்டு வாற அம்மாவுக்கு கூடைக்கயிறு பதிஞ்சு கெடக்குமே அதே மாதிரி. பிசிடியில (சூட்டுக்கு மேல மாட்டுற, மெதக்க வைக்கிற காத்துச் சட்ட) காத்து போட்டா மெதக்குறேன், ஆனா இறுக்கம் போகல. சூட் சின்னதா? பெரிசு வாங்கணுமா?

திருமலைக்காரன்
தம்பி, எங்க டைவ் பண்ணுறீங்கள்? சூட் தடிச்ச நியோப்ரீன் ரப்பரோ, மெல்லிசான ட்ரைலாமினேட் துணியோ? தாழுறதுக்கு எத்தினை கிலோ ஈய வெயிட் கட்டுறீங்கள்? இதொண்டும் சொல்லாமல் சூட் சின்னன் எண்டு எப்பிடிச் சொல்லுறது.

பண்டாரவளை பாபு
நெக் சீல் தான் பிரச்சன, தண்ணி உள்ள வராம கழுத்த சுத்தி இருக்குற ரப்பர் பட்டை. புது லேடெக்ஸ்னா கழுத்த இறுக்கும், அதான் மூச்சு முட்டுது. ஒரு வளையம் வெட்டி விடுங்க.

கண்டி சுரேஷ்
நெக் சீல்னா தண்ணிக்கு வெளியயே முட்டும் பாபு அண்ணே, 20 மீட்டர் போற வரைக்கும் காத்திருக்காது. வெட்டாதீங்க, வெட்டுனா திரும்ப ஒட்ட முடியாது. சூட்டுக்குள்ள காத்து போடுறீங்களா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க.

லயத்துப்பையன்
மன்னிச்சுக்கங்க. நோர்வேல, லீவு நாள்ல கூட்டாளிங்களோட. தண்ணி 6 டிகிரி. ட்ரைலாமினேட், செகண்ட்ஹேண்ட்ல வாங்குனது. 12 லிட்டர் டேங்க், வெயிட் 16 கிலோ. சூட்டுக்குள்ள காத்து போடுறதில்ல, ஒருக்கா போட்டு காத்தெல்லாம் காலுக்கு ஓடி தலகீழா சர்ருனு மேல போயிட்டேன், அதுலருந்து பயம்.

ஆழம் அறிந்தவர்
இத மொதல் பதிவுலயே எழுதியிருக்கணும். எத்தன வருஷமா இங்க சொல்லிட்டு இருக்கேன், யாரும் படிக்கிறதில்ல. உயர்தரத்துல போயிலின் விதி படிச்சிருப்பீங்களே, 20 மீட்டர்ல அமுக்கம் 3 பார், மேல சூட்டுக்குள்ள இருந்த காத்து அங்க மூணுல ஒரு பங்கு தான். மிச்ச எடத்துக்கு துணி மடிஞ்சு தோல கிள்ளும், அதான் கோடு. சூட்ட மாத்தி என்ன ஆகப்போகுது. எறங்கும்போதே நெஞ்சுல சூட்டுக்கு காத்து விடுற பட்டன, அந்த இன்ஃப்ளேட்டர, டக்கு டக்குனு சின்னச் சின்னதா அமுக்கணும், இறுக்குன பெறகு மொத்தமா போடக்கூடாது. அந்த காத்து தான் குளிரையும் தடுக்குது, 6 டிகிரில காத்தில்லாம எறங்குறது முட்டாத்தனம்.

திருமலைக்காரன்
அண்ணை சொல்லுறது சரி, பெடியன் பயந்துபோய்க் கேக்கிறான், கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம். தம்பி, இடது கையில இருக்கிற, சூட்டுக் காத்தை வெளிய விடுற டம்ப் வால்வ் பூட்டி இருந்ததோ? ஏறேக்க அதை முழுசாத் திறந்து, இடது முழங்கையைத் தூக்கி வால்வை எல்லாத்துக்கும் மேல வச்சிருக்கோணும். கால் மேல போனால் முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி முன்பக்கமா உருண்டு நிமிருங்கோ, காத்து தோளுக்கு வரும், வால்வால போயிடும்.

கண்டி சுரேஷ்
16 கிலோ கூட மாதிரி தெரியுது. வெயிட் கூடுனா அத தாங்க சூட்டுல கூட காத்து வேணும், அது தான் காலுக்கு ஓடுது. டேங்க்ல காத்து தீரப்போற நேரம், 50 பார்ல இருக்கும்போது பிசிடிய காலி பண்ணி, வால்வ தெறந்து வச்சு, 5 மீட்டர்ல நிக்க முடியுதான்னு பாருங்க. நெறஞ்ச டேங்க்ல பாத்தா ஏமாந்துருவீங்க, 12 லிட்டர் டேங்க்ல 200 பார் காத்து கிட்டத்தட்ட 3 கிலோ.

ஆழம் அறிந்தவர்
ஒத்த டேங்குக்கு தண்ணிக்குள்ள சூட் மட்டும் போதும், பிசிடி மேல மெதக்க மட்டும். ரெண்டு எடத்துல காத்த வச்சு ஏறும்போது ரெண்டையும் எப்பிடி வெளியேத்துவீங்க?

திருமலைக்காரன்
நான் ஒத்துக்கொள்ளமாட்டன். இறுக்கம் போற அளவுக்குத்தான் சூட்டுக்கு, மிச்சம் பிசிடிக்கு. அதுவும் கால் பயம் இருக்கிற ஆளுக்கு சூட்டை பலூன் ஆக்கக்கூடாது.

பண்டாரவளை பாபு
வியாழக்கெழம ஃப்ளைட்னா அதுக்கு முந்தி திருமலையில ஒரு டைவ் போட்டு பழகிப் பாருங்களேன். நானெல்லாம் காலையில ரெண்டு டைவ் போட்டுட்டு அன்னைக்கு ராவே நுவரெலியா வீட்டுக்கு ஏறிருவேன், ஒண்ணும் ஆனதில்ல.

கண்டி சுரேஷ்
அண்ணே தயவுசெஞ்சு அப்பிடி செய்யாதீங்க. நுவரெலியா 1,868 மீட்டர். ப்ளேன் கேபின் அமுக்கம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் மலைக்கு சமம் வரைக்கும் போகும், அதனால தான் டைவ் பண்ணிட்டு பறக்க ஒரு டைவ்னா 12 மணித்தியாலம், பல டைவ்னா 18 மணித்தியாலமாவது காத்திருன்னு சொல்றாங்க. பஸ்ல ஏறுனாலும் மலை மலை தான்.

பண்டாரவளை பாபு
பஸ் மெதுவா தானே ஏறுது.

ஆழம் அறிந்தவர்
மெதுவா ஏறுனாலும் அன்னைக்கே தானே போய்ச் சேருறீங்க பாபு. டைவ்ல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன், மேல அமுக்கம் கொறஞ்சா குமிழியாகும், அதுக்கு உங்க பஸ் டைம்டேபிள் தெரியாது. கீழயே ஒரு ராத்திரி தங்குங்க.

லயத்துப்பையன்
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். வால்வ் மூடித்தான் இருந்துச்சு, யாரும் சொல்லித்தரல. 50 பார்ல பாத்து 12 கிலோவுக்கு கொறச்சேன், மொதல்ல 6 மீட்டர்ல உருண்டு பழகுனேன், நேத்து 24 மீட்டர். தோள்ல ஒரு கோடு கூட இல்ல. சூட்டுக்கு கொஞ்சம், மிச்சம் பிசிடிக்கு. நன்றி எல்லாருக்கும், ஷிஃப்டுக்கு நேரமாச்சு.