பல்ப் மோடுக்குத் தமிழ்ச்சொல்: ‘பிடிதிறவு’ சரிவருமா?

அன்பு நண்பர்களே,

கேமராவின் பொத்தானை அமுக்கியிருக்கும்வரை ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் திரையை) திறந்தே வைப்பதுதான் பல்ப் மோடு. அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> ‘விளக்கு முறை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், பொருள்தான் தப்பு. இந்த பல்ப் விளக்கே இல்லை. பழைய கேமராக்களில் ரப்பர் குழாயின் முனையில் ஒரு காற்றுக் குமிழ் இருக்கும். அதை அமுக்கினால் காற்றழுத்தத்தில் ஷட்டர் திறக்கும், விட்டால் மூடும். குமிழ் காணாமல் போய் ‘பி’ என்ற எழுத்து மட்டும் டயலில் தங்கிவிட்டது. அதனால் ‘குமிழ் முறை’யும் எனக்கு ஒப்பவில்லை. வரலாற்றுக்குப் பொருந்தும், இன்று கற்றுக்கொள்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

விரல் செய்யும் வேலையிலிருந்து சொல்லை எடுப்போம். பொத்தானைப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்: பிடிதிறவு. சில கேமராக்களில் பக்கத்திலேயே ‘டி’யும் உண்டு, ஒரு தட்டில் திறந்து மறுதட்டில் மூடும். அது தட்டுதிறவு. ‘திறப்பு’ என்று வைக்கலாம்தான், ஆனால் ஈழத்தமிழில் திறப்பு என்றால் சாவி. இரண்டுமே வினைத்தொகை, ஆகவே இடையில் ஒற்று மிகாது. ‘பிடித்திறவு’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்!

> கேபிள் ரிலீஸைப் பூட்டிவிட்டால் யாரும் எதையும் பிடிப்பதில்லையே?

நியாயமான கேள்வி. கேபிள் ரிலீஸ் என்பது கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்க உதவும், கம்பி முனையிலுள்ள பொத்தான். அதில் விரலுக்குப் பதில் பூட்டு பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கேமராவின் பொத்தானிலேயே விரலை வைத்திருந்தால் முக்காலி இருந்தும் படம் அசைந்துவிடும் என்பதால் இந்தப் பூட்டு எப்படியும் தேவை.

இந்தச் சொல்லை வெளியில் இருட்டில் பழகிப் பார்த்தால்தான் அதன் பயன் தெரியும். பெரும்பாலான கேமராக்களில் வழக்கமான ஷட்டர் நேரம் 30 நொடியோடு நின்றுவிடும். விண்மீன்கள் புள்ளியாக வேண்டுமென்றால் அதுவே தாராளம்: முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் என்றால், ‘500 விதி’ என்ற தோராயக் கணக்குப்படி 500ஐ 24ஆல் வகுத்து, சுமார் 20 நொடி. விண்மீன்கள் கோடாக வேண்டும்போதுதான் பிடிதிறவு. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் 10 நிமிடம் பிடித்தால் கோடு 2.5 பாகைதான் நீளும். பொறுமை வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று இருட்டில் ஊகிக்கவும் வேண்டாம். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 6400இல் ஒரு சோதனைப் படம் எடுங்கள். 10 நொடியில் வெளிச்சம் சரியாக வந்தால், லென்ஸின் அதே துளை அளவில் ஐஎஸ்ஓ 100க்கு அதைப்போல 64 மடங்கு, அதாவது 640 நொடி. 10 நிமிடம் 40 நொடி பிடித்துவிட்டு விடலாம். “பிடி”, “விடு” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னாலே போதும்; ‘பிடிதிறவு’ நிற்கும் என்று நான் நம்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

அப்புறம் ஒன்று. நீண்டநேரப் படங்களுக்கான இரைச்சல் நீக்கம் (நாய்ஸ் ரிடக்‌ஷன்) போட்டிருந்தால், படம் முடிந்த பிறகு கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் இன்னொரு வெற்றுப்படம் எடுக்கும். சென்சாரில் தானாக ஒளிரும் புள்ளிகளை அதை வைத்துத்தான் கழிக்கிறது. புதியவர்கள் கேமரா உறைந்துவிட்டது என்று பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். இந்த வெற்றுப்படத்துக்கு ‘இருட்படம்’ என்று நினைத்திருக்கிறேன். வெளிச்சம் போதாமல் கறுத்துப்போன படத்தோடு குழம்புமோ? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.