ஆடியோ சிஸ்டத்திற்குச் சுவர் சாக்கெட் தேர்ந்தெடுப்பது குறித்து

கேள்வி

வணக்கம். பாட்டு கேட்பதற்கென ஒதுக்கிய அறையில் வயரிங்கைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். சுவர் இன்னும் பூசப்படவில்லை என்பதால் பிளக் பாயின்ட்டுகளை மாற்றுவதென்றால் இப்போதே மாற்றிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயர், டேக் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி, DAC), சப்வூஃபர், தொலைக்காட்சி ஆகிய நான்கும் ஒரே சுவரை ஒட்டி வரவிருக்கின்றன. ரோடியம் முலாம் பூசி, ஆடியோவுக்கென்றே விற்கப்படும் சாக்கெட்டுகள் சாதாரணச் சாக்கெட்டைவிடப் பல மடங்கு விலை சொல்கின்றன. அவற்றால் ஒலியில் உண்மையிலேயே மாற்றம் வருமா? பழைய வயரிங்கில் சப்வூஃபரிலிருந்து மெல்லிய ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அதற்கும் சாக்கெட்டுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1

முலாமைப் பார்த்து வாங்காதீர்கள்; பிடிமானத்தைப் பார்த்து வாங்குங்கள். ரோடியத்தின் மின்தடை செம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அது தேய்மானத்தையும் அரிப்பையும் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டில் ஒருமுறை செருகிவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாத பிளக்கிற்கு அந்தத் தாங்குதிறன் எதற்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். மின்பெட்டியிலிருந்து அறை 20 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 40 மீட்டருக்கு 0.3 ஓம் ஆகிறது. சாக்கெட்டின் தொடுமுனைத் தடையை 5 மில்லி ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 3 ஆம்பியர் ஓடும்போது வயரில் 0.9 வோல்ட்டும் சாக்கெட்டில் 0.015 வோல்ட்டும்தான் குறையும். 230 வோல்ட்டில் இரண்டுமே பொருட்டல்ல; அதன் பிறகும் அந்த மின்சாரம் ஆம்ப்ளிஃபயருக்குள் டிசியாக மாற்றப்பட்டு, கெப்பாசிட்டர்களில் தேங்கித்தான் இசைக்குப் பயன்படுகிறது.

ஆகவே, பிளக்கைச் செருகினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறதா, உள்ளிருக்கும் பித்தளையோ பாஸ்பர் வெண்கலமோ தடிமனாக இருக்கிறதா, வயரைத் திருகாணி நேரடியாகக் குத்தாமல் தகடு வைத்து அழுத்துகிறதா என்பவற்றை மட்டும் பாருங்கள். விலையில் மிச்சமாகும் பணத்தில் மின்பெட்டியிலிருந்து இந்தச் சுவருக்குத் தனி எம்சிபியுடன் (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) தனி லைன் இழுத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸரும் விளக்கின் டிம்மரும் அந்த லைனில் சேரக் கூடாது.

மறுமொழி 2

என் அனுபவம் சற்று வேறு. பழைய சாக்கெட்டுகளை விலை உயர்ந்தவற்றால் மாற்றியபோது ஒலிபெருக்கியில் அவ்வப்போது கேட்ட ‘படபட’ ஓசை அறவே நின்றது. ஆனால் பழையவற்றின் ஸ்பிரிங் தளர்ந்து பிளக் ஆடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல சாதாரணச் சாக்கெட் போட்டிருந்தாலும் அது நின்றிருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

மறுமொழி 3

இரைச்சலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் எர்த் லூப். எர்த் பின் உள்ள இரண்டு கருவிகள் வெவ்வேறு பாயின்ட்டுகளில் இருந்து, ஆர்சிஏ கேபிளின் (கருவிகளுக்கிடையே ஒலிச் சிக்னலைக் கொண்டுபோகும் கேபிள்) உலோக உறை அவற்றை மீண்டும் இணைக்கும்போது அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடி, 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலியாக வெளிவருகிறது. எந்த முலாமும் இதைத் தீர்க்காது. முதலில் தொலைக்காட்சியின் ஆன்டெனா அல்லது கேபிள் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அதன் உறை வேறோர் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருப்பதே பல வீடுகளில் காரணம். ஓசை நின்றால், அந்த இணைப்பில், சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் போதும். நிற்காவிட்டால் சப்வூஃபருக்குப் போகும் சிக்னல் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். ஒரு கருவிக்குள் இன்சுலேஷன் பழுதானால், அதன் உலோகப் பெட்டியில் ஏறும் மின்சாரம் ஆர்சிஏ உறை வழியாக மற்றக் கருவிகளின் பெட்டிகளுக்கும் பரவும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தனி லைனே போடச் சொல்லிவிட்டேன். எர்த் முனை தனித்திருக்கும் ‘ஐசொலேட்டட் கிரவுண்ட்’ சாக்கெட்டை ஒருவர் பரிந்துரைத்தார், அது தேவையா?

மறுமொழி 3

சுவருக்குள் இருப்பது எர்த் செய்யப்பட்ட உலோகப் பெட்டியும் உலோகக் குழாயும் என்றால் மட்டுமே அதற்கு வேலை உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் அதுவும் மற்றதைப் போலத்தான். நான்கு பாயின்ட்டுகளையும் அருகருகே வைத்து, ஒரே எர்த் வயரில் இணைக்கச் சொல்லுங்கள். எர்த் லூப்பின் பரப்பு அதனால் சுருங்கும். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு திருகாணியையும் மறுபடி இறுக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.