பாடன் தர்பார் சதுக்கம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தச்சன் பேரன்:
2018-இல் வேலை விஷயமாகக் காத்மாண்டு போயிருந்தேன். ஒரு மதியம் ஓய்வு கிடைத்ததும் டாக்சி பிடித்து லலித்பூர் போய்விட்டேன். ஊர்க்காரர்களுக்கு அது பாடன். சதுக்கம் என்ற பெயரைக் கேட்டு நாலு பக்கமும் சமமான மைதானத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கம் மல்ல மன்னர்களின் அரண்மனை நீளமாகப் போகிறது, எதிரே கோயில்கள் நெருக்கமாக நிற்கின்றன. நடுவே ஊரே நடமாடுகிறது.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் இங்கே சார் நாராயண் கோயிலும் ஹரிசங்கர் கோயிலும் இடிந்து விழுந்தன. சார் நாராயண் 1566-இல் கட்டியது. விழுந்த சிற்பங்களையும் மரத்துண்டுகளையும் ஊர் மக்களும் காவலர்களும் சேர்ந்து அரண்மனைக்குள் தூக்கிப்போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நான் பார்த்தபோது அந்த மரத்துண்டுகளில்தான் வேலை நடந்தது. ஒரு ஆசாரி சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு துண்டாலைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுவரிலிருந்து சாய்வாகக் கிளம்பி, வெளியே நீண்ட கூரையைத் தாங்குகிற முட்டுக்கட்டைக்கு அங்கே அந்தப் பெயர். கறுத்துப்போன பழைய மரத்தில் ஒரு தேவி. முழங்கைக்குக் கீழே கை உடைந்திருந்தது. அந்த அளவுக்கு மட்டும் புது மரம் வெட்டி, உள்ளே மரமுளை கொடுத்துப் பொருத்தியிருந்தார். உளி போகப் போக வெள்ளைச் சீவல் சுருண்டு அவர் மடியில் விழுந்தது. புதிதாகவே ஒன்று செதுக்கிவிடலாமே என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "மிச்ச மரம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். என் தாத்தாவும் இதையேதான் சொல்லியிருப்பார். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

மலையடிவாரம்:
நான் போனது 2014 கடைசியில், அதாவது இடிவதற்கு முன்பு. என் மனதில் நிற்பது யோக நரேந்திர மல்லனின் தூண். உச்சியில் மன்னர் உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேலே நாகம் படமெடுத்திருக்கிறது, நாகத்தின் தலையில் ஒரு சின்னக் குருவி. அந்தக் குருவி பறந்துபோகாமல் இருக்கும்வரை மன்னர் திரும்பி வரக்கூடும் என்று நம்பிக்கை. அவருக்காக அரண்மனையில் ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பதாக நான் தங்கிய வீட்டு அக்கா கையை நீட்டிக் காட்டினார். நிலநடுக்கத்தில் அந்தச் சிலையும் விழுந்துவிட்டது என்று செய்தியில் படித்தபோது முதலில் அந்த அக்கா முகம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் சிலையைத் தூணில் மறுபடி ஏற்றிவிட்டார்கள்.

கூடல்வாசி:
கிருஷ்ண மந்திரை விட்டுவிட்டீர்களே! 1637-இல் சித்தி நரசிங்க மல்லன் எழுப்பிய கல் கோயில், 21 சிகரங்கள். சுற்றிலும் பெரும்பாலும் செங்கல்லும் மரமுமாக இருக்கும்போது இது முழுக்கக் கல். முதல் தளத்தைச் சுற்றி மகாபாரதம், அதற்கு மேலே ராமாயணம். நிலநடுக்கத்திலும் நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள மங்க ஹிட்டி என்ற பழைய நீர்த்துறையில் படியிறங்கினேன். கல்லில் செதுக்கிய மகர வாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது, கீழே பெண்கள் பிளாஸ்டிக் கேனைப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். எனக்குத் தாகமாக இருப்பதைப் பார்த்து ஒரு பாட்டி தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.